கடலில் தண்ணீர் வரவில்லை

எங்கள் குடிநீர் வாரியத்துக்கு அறிவு வந்து சேர்ந்த அன்று நான் தலைமை அலுவலக வாசலில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தேன். அங்கே குழாய் உடைந்திருந்தது. தலைமை அலுவலகத்துக்கே தண்ணீர் வரவில்லை என்பதால் அன்றைக்கு எல்லோரும் சுறுசுறுப்பாக இருந்தார்கள்.

அறிவு என்றதும், உங்களுக்கும் எனக்கும் கொஞ்சநஞ்சம் இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது விலைக்கு வாங்குவது. முழுப்பெயர் வணிக நுண்ணறிவு மென்பொருள். எவ்வளவு தண்ணீர் போனது, எவ்வளவு புகார் வந்தது என்று எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுப் பெரிய திரையில் கலர் கலராகக் கக்கும். பெயர் வாயில் நுழையாததால் அலுவலகத்தில் அதைச் சுருக்கி அறிவு என்றே கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டிடத்தில் நடந்த பேச்சை வெளியாள் யாராவது கேட்டிருந்தால் பயந்துபோயிருப்பார்.

"டைரக்டருக்கு அறிவு வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல சார். கீழ ப்யூனுக்கு வந்துடுச்சு. அவருக்கு நாளைக்குக் குடுத்துடறோம்."

"உங்களுக்கு நேத்து அறிவு இருந்துச்சே?"

"காலையில கரண்ட் போச்சுல்ல சார், அதோட சேர்ந்து போயிடுச்சு."

அறிவுக்கு எல்லாம் தெரிந்தது. எந்த இடம் என்பது மட்டும் தெரியவில்லை. இத்தனை பேருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லும். எங்கே என்று கேட்டால் முழிக்கும். அதனால் அறிவோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற வரைபடக் கருவி ஒன்று வாங்குவதென்றும், அதற்கு ஒரு தேர்வுக் குழு அமைப்பதென்றும் முடிவானது. குழுவில் சாமானியப் பயனாளர் ஒருவர் இருக்க வேண்டுமாம், விதியாம். அந்த ஆளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் படித்தவராக இருந்துவிடக் கூடாது. படித்தவர் என்றால் கேள்வி கேட்பார். தெரியாதவர் என்றால் கையெழுத்து வாங்க முடியாது.

கணினிப் பிரிவு அதிகாரி பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும் சார். தலை நரைச்ச பிறகு மாலை வகுப்புல சேர்ந்து கத்துக்கிட்டேன். மெதுவாப் படிப்பேன்."

"எவ்வளவு மெதுவா?"

"ஒரு போஸ்டரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அது மேல வேற போஸ்டர் ஒட்டிட்டுப் போயிடுவாங்க சார்."

"ரொம்பச் சரி. மேல ஏறி வாங்க."

வாரியத்தில் சேர்ந்ததிலிருந்து என்னைப் 'பள்ளம்' என்றுதான் கூப்பிடுவார்கள். "பள்ளம், சாப்பிட்டியா?" "பள்ளம் இன்னைக்கு லீவு." அந்த நிமிடத்திலிருந்து நான் பயனாளர் ஆனேன். என்ன பயன் என்று யாரும் சொல்லவில்லை.

குழு கூடிய அறையில் நாற்காலிக்கு மேல் செய்தித்தாளை விரித்து என்னை உட்காரவைத்தார்கள். என் கால்சட்டைச் சேற்றுக்கு அவ்வளவு மரியாதை. டைரக்டர் எழுந்து பேசினார். நல்ல குரல் அவருக்கு. குரல் அப்படி இருக்கும்போது விஷயம் எதற்கு என்று தோன்றும்.

"இணைப்புதான் நம்ம உயிர். இணைப்பு இல்லைன்னா இந்த வாரியமே இல்ல. எவ்வளவு செலவானாலும் கவலையில்ல, இந்த வருஷம் முடியறதுக்குள்ள இணைப்பு குடுத்தே தீரணும். குடுத்த இணைப்புல கசிவு இருக்கக் கூடாது. கசிவு இருந்துச்சுன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். காரணம் இருக்கிறது. ஊர் முழுக்கக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியவன் நான். ஆனால் நாங்கள் குடியிருக்கும் சந்தில் குழாய் கிடையாது. சந்துக்குப் பெயரும் கிடையாது. லாரி ஷெட் பின்பக்கம் என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாரியத்துத் தண்ணீர் லாரி வர வேண்டும், வராது. ஷெட்டுக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கிறது. லாரிகள் ரிவர்ஸில் ஏறி வருகிற பாதையைத் தாண்டித்தான் அதற்குப் போக வேண்டும். என் மகள் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. அவள் அம்மா தையல் மிஷினை விட்டு எழுந்திருப்பதற்குள் இவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, பின்னால் லாரி. சொன்னால் கேட்கிற பெண்ணா? அவள் அம்மாவுக்குப் பிறந்தவள் ஆயிற்றே.

அன்று வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே சொன்னேன். "இணைப்பு வரப்போகுது."

மனைவி மிஷினை நிறுத்தினாள். "யாரு சொன்னா?"

"டைரக்டரே சொன்னாரு. செலவைப் பத்திக் கவலையே இல்லையாம். கசிவு கூட இருக்காதாம்."

அவள் எழுந்து வந்து என் வாயை முகர்ந்து பார்த்தாள்.

"அட, டீதான் குடிச்சேன். பிஸ்கட்டும் குடுத்தாங்க."

மகள் ஒரு செங்கல் துண்டை எடுத்து, குழாய் வரப்போகும் இடம் என்று சுவரில் ஒரு வட்டம் போட்டாள். அடியில் ஒரு குடமும் வரைந்தாள்.

அடுத்த கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன். "சார், இணைப்புக்கு எப்பப் பள்ளம் தோண்ட ஆரம்பிக்கணும்?"

கணினி அதிகாரி என் பக்கம் குனிந்து, "இது வேற இணைப்புங்க. அறிவையும் வரைபடத்தையும் இணைக்கறது. இதுக்குப் பள்ளமெல்லாம் வேண்டாம்" என்றார்.

டைரக்டர் மேசையைத் தட்டினார். "பள்ளமே தோண்டாம இணைப்பு! இதைத்தான் நான் வளர்ச்சின்னு சொல்றேன். பயனாளர் எவ்வளவு அழகா எடுத்துக் குடுத்தாரு பாருங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று வீட்டில் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. சுவரில் இருந்த வட்டத்தை யாரும் அழிக்கவில்லை.

போட்டியில் கடைசிவரை நின்றவை இரண்டு கருவிகள். ஒன்றை விற்க வந்தவர் நீல டை கட்டியிருந்தார், இன்னொருவர் சிவப்பு டை. நீல டையின் வரைபடம் பார்க்க எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. அதனால் யாருக்கும் பிடிக்கவில்லை. சந்து பொந்தெல்லாம் காட்டியது. பெயரில்லாத இடமென்றால், "எதுக்குப் பின்னால? எதுக்கு எதிர்ல?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டு, கடைசியில் கண்டுபிடித்துவிடும்.

"ரொம்பக் கேள்வி கேக்குதே" என்றார் டைரக்டர்.

சிவப்பு டையின் வரைபடத்தில் ஊரே பூங்காவாக இருந்தது. உலக உருண்டை சுழன்று வந்து நிற்கும். எங்கே தொட்டாலும் 'ப்ளக்' என்று தண்ணீர் சொட்டும் சத்தம் வரும். எங்கள் வாரியத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. குழுவில் சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பிறகு நிறம் பற்றிய கூட்டம். தண்ணீர் இல்லாத இடத்தில் திரையில் ஒரு கொப்புளம் எழும்பும். புகார் கூடக் கூடக் கொப்புளம் பெரிதாகும். அதற்குச் சிவப்பு அடிக்கலாம் என்று கணினி அதிகாரி சொல்லிவிட்டார்.

"சிவப்பா? பாக்கறவங்களுக்கு இங்க ஏதோ குறை இருக்கற மாதிரி தோணாதா?" என்றார் டைரக்டர்.

"குறைதானே சார் அது?"

"அந்த வார்த்தையே தப்பு. தண்ணி வராத வீட்ல இருக்கறவன் என்ன பண்றான்? தண்ணி வரும்னு எதிர்பாக்கறான். அது எதிர்பார்ப்பு. நம்ம மேல அவன் வெச்சிருக்கற நம்பிக்கை. அதுக்குப் போய்ச் சிவப்பு அடிப்பீங்களா?"

பற்றாக்குறைப் பகுதிகள் அன்றிலிருந்து எதிர்பார்ப்புப் பகுதிகள் ஆயின. கொப்புளத்துக்கு ரோஜா நிறம். என் மனைவியிடம் சொன்னேன். "அப்ப நான் ரொம்ப நாளா ரோஜாப்பூவாத்தான் இருந்திருக்கேன்" என்றாள்.

சிவப்பு டையின் கருவியை முதலில் அறிவோடு பொருத்திச் சோதனை ஓட்டம் விட்டார்கள். பெரிய திரையில் உலக உருண்டை சுழன்று வந்து நின்றது. எங்கள் ஊர் பச்சைப்பசேல் என்றிருந்தது. ஒரு கொப்புளம்கூட இல்லை. டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது யாரோ தவறுதலாக உருண்டையைத் தள்ளிவிட்டார்கள். எங்கேயோ தூரத்தில், நடுக்கடலில், எந்தக் கரையும் பக்கத்தில் இல்லாத இடத்தில், பூசணிக்காய் அளவுக்கு ஒரு ரோஜாக் கொப்புளம் பொங்கிக்கொண்டிருந்தது.

கணினி அதிகாரி கனைத்துக்கொண்டார். "அது ஒண்ணுமில்ல சார். முகவரி புரியலைன்னா இந்தக் கருவி அதை அந்த இடத்துல கொண்டுபோய்ப் போட்டுடும். அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யம்."

"அறிவு என்ன சொல்லுது?"

"அறிவு... கடல்ல தண்ணி இல்லைன்னு சொல்லுது சார்."

"அப்ப நாம அறிவுக்கு எதிராப் பேசலாமா?"

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஊரில் பாதிப் பேர் கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், நடுக்கடல்ல ஆளுங்க இருக்காங்களா?"

டைரக்டர் என்னைப் பரிவோடு பார்த்தார். "புகார் இருக்குன்னா ஆள் இருந்துதானே ஆகணும்? அப்படி இல்லைன்னே வெச்சுக்குவோம். ஆளே இல்லாத இடத்துலேருந்து இவ்வளவு புகார் வருதுன்னா, ஆள் இருந்தா எவ்வளவு வரும்? யோசிச்சீங்களா?"

நான் யோசித்திருக்கவில்லை. ஒத்துக்கொண்டேன்.

"பயனாளரே, கொப்புளத்தைத் தொட்டா புகாரோட வாசகம் வரும். தொட்டுப் படிங்க. மக்கள் குரலை மக்களே படிக்கட்டும்."

தொட்டேன். ப்ளக். எழுத்து வந்தது. கூட்டிக் கூட்டிப் படித்தேன். "லா... லாரி ஷெட்... பின்பக்கம். தண்ணி லாரி வந்து... மாசக்கணக்கா ஆச்சு. பொண்ணு வாயும் வயிறுமா... குடம் தூக்கிட்டு... லாரிக்கு நடுவுல போறா. உங்களுக்கெல்லாம்... அறிவு இருக்கா?"

பாதியிலேயே எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. அதே குரலைத்தான் தினமும் வீட்டில் கேட்கிறேன்.

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "கேட்டீங்களா? நமக்கு அறிவு வந்துடுச்சான்னு பொதுமக்களே விசாரிக்கறாங்க! நடுக்கடல் வரைக்கும் சேதி போயிருக்கு!"

அன்றைக்கே கடல் மண்டலம் என்று ஒரு புது மண்டலம் உருவானது. எதிர்பார்ப்பு அதிகமுள்ள மண்டலம் என்பதால் புத்தம்புதுத் தண்ணீர் லாரி ஒன்று ஒதுக்கினார்கள். கதவில் 'கடல் மண்டலம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மீன் வரைந்தார்கள். ஓட்டுவதற்கு ஹாரன் என்று கூப்பிடப்படும் டிரைவரைப் போட்டார்கள். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் ஹாரன் அடிப்பான். குழாயைப் பிடிக்க என்னைப் போட்டார்கள். பாதுகாப்பு விதிப்படி எங்கள் இருவருக்கும் ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். அதைப் போடாமல் வண்டியில் ஏறக் கூடாதாம்.

லாரியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணே, கடலுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

"டைரக்டரைக் கேளு."

"கேட்டேண்ணே. நேராப் போன்னாரு."

நான் அவனுக்குப் புகார் வாசகத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஹாரன் கொஞ்ச நேரம் ஹாரனே அடிக்கவில்லை. அப்புறம் வண்டியைக் கிளப்பினான். லாரி ஷெட்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் சந்துக்குள் பின்னால் ஏற்றினான்.

ஆரஞ்சு ஜாக்கெட்டோடு நான் இறங்கியதைப் பார்த்து என் மனைவி குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். "என்னங்க இது கோலம்?"

"நாம இப்பக் கடல்ல இருக்கோம். குடத்தை எடு."

சந்தே திரண்டுவிட்டது. இடம் தெரியாத புகார் எல்லாம் கடலில்தான் விழுகிறது என்றால், பெயரில்லாத சந்தெல்லாம் கடல்தானே? மில் சுவரை ஒட்டின வரிசை, பாலத்தடி, செங்கல் சூளை மேடு என்று ஹாரன் தினமும் ஒரு சுற்று அடித்தான். மகள் குடம் தூக்குவதை நிறுத்தினாள். என் ஜாக்கெட்டை வாங்கி இடுப்புக்கு அண்டை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இப்பத்தான்ப்பா முதுகுவலி இல்லாம இருக்கு" என்றாள். அரசாங்கம் கொடுத்த ஒரு பொருள் சொன்ன வேலையைச் செய்யாவிட்டாலும் ஒரு வேலையைச் செய்தது.

அலுவலகத் திரையில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையானது. ஆனால் தேர்வு இன்னும் முடியவில்லை. இரண்டு கம்பெனியும் குழுவினருக்கு ஒரே கடையில் வாங்கிய தோள்பையைக் கொடுத்திருந்ததால் குழு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. மிச்சமிருந்தது என் ஓட்டு. எனக்கு இரண்டு பேருமே பை கொடுக்கவில்லை.

ஓட்டுப் போடுவதற்கு முந்தின நாள் வீட்டில் விசாரணை நடந்தது.

"நீல டைக்கு ஓட்டுப் போட்டா என்ன ஆகும்?" என்று மனைவி கேட்டாள்.

"நாம எங்க இருக்கோமோ அங்கயே நம்மளைக் காட்டும்."

"அது நல்லதுதானே?"

"அந்த இடம் நாலாம் மண்டலத்துல வருது. நாலாம் மண்டலத்து லாரி டயர் இல்லாம செங்கல் மேல நிக்குது. அதுல கோழி குடியிருக்கு."

"சிவப்பு டைக்குப் போட்டா?"

"கடல்லயே இருப்போம்."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் ஜாக்கெட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "கடல்லயே இருப்போம்" என்றாள்.

மறுநாள் நான் எழுந்து நின்று, "சிவப்பு டை சார்" என்றேன். நீல டை தலையைக் குனிந்துகொண்டார். நல்ல கருவி அது. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"காரணம்?" என்றார் டைரக்டர்.

"கடல் ரொம்ப நல்லா வந்திருக்கு சார்."

விழா வைத்தார்கள். டைரக்டர் மாலையும் கழுத்துமாக நின்று முழங்கினார். "முன்ன கடல் எப்படி இருந்துச்சு? ஒரே எதிர்பார்ப்பு! இன்னைக்குப் போய்ப் பாருங்க. கடல் பூரா தண்ணி! யார் செஞ்சது? நாம செய்யல. நான் வெளிப்படையாச் சொல்றேன், இதுல எங்க அறிவு எதையும் நாங்க பயன்படுத்தல. வாங்கின அறிவுதான் எல்லாத்தையும் செஞ்சுது!" கைதட்டல் ஓய்ந்ததும் என்னைக் கைகாட்டினார். "இதோ நிக்கறாரே, ஒரு சாமானியப் பயனாளர், இவர் சொன்ன ஒரே வார்த்தையை நம்பி ஆம்புலன்ஸ்காரங்களும் இதே வரைபடத்தை வாங்கிட்டாங்க. இனிமே யார் கூப்பிட்டாலும் வண்டி இந்த வரைபடம் காட்டற இடத்துக்குத்தான் போகும்!"

கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி மகளின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப இவளுக்கு வலி எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா?"

"படகு வரும்" என்றான் வாசலில் நின்றிருந்த ஹாரன். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

விடிந்ததும் கணினி அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். "சார், நான் போட்ட ஓட்டைத் திருப்பி வாங்கிக்கலாமா?"

"ஓட்டை எப்படிங்க திருப்பித் தர்றது? கருவியில குறை இருந்தா புகாராக் குடுங்க. பயனாளர் புகார்னா தனி மதிப்பு."

"இந்தக் கருவியிலேயேவா சார்?"

"வேற எதுல?"

முகவரி கேட்டார். லாரி ஷெட் பின்பக்கம் என்றேன். தட்டினார். உருண்டை சுழன்றது. ப்ளக். பச்சைக் கடலின் நடுவில் சின்னதாக ஒரு ரோஜாக் கொப்புளம் எழுந்தது.

"பாத்தீங்களா, உடனே பதிவாயிடுச்சு" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

அதற்குப் பிறகு ஹாரன் வேலை முடிந்தாலும் லாரியை வாரியத்தில் கொண்டுபோய் விடுவதில்லை. எங்கள் சந்து வாயிலில் தெருவைப் பார்த்தபடி நிறுத்திவைப்பான். கடல் மண்டல வண்டி கடலில் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டான், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முன் இருக்கையில் மகளின் துணிப்பையும் ஜாக்கெட்டும் தயாராக இருந்தன.

ஒரு மத்தியானம் என் போனுக்கு வாரியத்திலிருந்து செய்தி வந்தது. என் புகாருக்குப் பதில். வாசலில் நின்று கூட்டிக் கூட்டிப் படித்தேன். "மதிப்புக்குரிய... பயனாளரே. தங்கள் புகார்... பரிசீலிக்கப்பட்டுத்... தீர்க்கப்பட்டது. தாங்கள் குறிப்பிட்ட இடத்தில்... அதிகாரிகள்... திரையில் நேரடி ஆய்வு செய்தனர். அங்கே... போதுமான அளவு... தண்ணீர்..."

உள்ளேயிருந்து மகள் கத்தினாள். பின்னாலேயே அவள் அம்மாவின் குரல்.

"ஏங்க! படிச்சது போதும், வண்டியை எடுக்கச் சொல்லுங்க!"

நான் திரும்பிப் பார்த்தேன். ஹாரன் ஏற்கெனவே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.